எந்தக் கன்சோல் வாங்கலாம்? எக்ஸ்க்ளூசிவ் விளம்பரத்தை நம்பிப் பணம் போடுவதற்கு முன்

சோனியின் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) வாங்கலாமா, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் வாங்கலாமா, இல்லை நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 பக்கம் போகலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அடுத்த ஒரு வருடத்தில் எந்த கேமை ஆடப்போகிறீர்கள்? பெயர் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியவில்லை என்றால் கன்சோல் வாங்கும் நேரம் இன்னும் வரவில்லை, பணம் கையிலேயே இருக்கட்டும்.

டெராஃப்ளாப் கணக்கு, எஸ்எஸ்டி வேகம், 8கே என்பதெல்லாம் அதற்கு அப்புறம். ஒரு கம்பெனிக்கு ரசிகராக இருந்து அடுத்த கம்பெனி ரசிகரோடு சண்டை போடுவதில் நமக்கு ஒரு லாபமும் இல்லை. நேற்றுவரை "எக்ஸ்க்ளூசிவ்", அதாவது "எங்களிடம் மட்டும்தான்" என்று சொன்ன கேமை நாளைக்கு எதிராளியின் கடையில் விற்க அவர்களுக்கு ஓர் அறிவிப்பு போதும், அப்படித்தான் நடந்துகொண்டும் இருக்கிறது. கேமுக்கு ரசிகராக இருங்கள், அதை உருவாக்கியவர்களுக்கு ரசிகராக இருங்கள். பெட்டி என்பது அந்த கேம் ஓடும் இடம், அவ்வளவுதான்.

முதலில் பட்டியல் போடுங்கள்

போனில் ஐந்தாறு கேம் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் குறியுங்கள்: இப்போது எதில் கிடைக்கிறது, வேறு எதற்காவது வர வாய்ப்பு உண்டா, வரும்வரை காத்திருக்க உங்களுக்குப் பொறுமை இருக்கிறதா. முதல் இரண்டும் தேடினால் கிடைத்துவிடும். மூன்றாவது உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அதில்தான் ஆயிரக்கணக்கான ரூபாய் மிச்சமாகிறது.

நிண்டெண்டோவில் குழப்பமே இல்லை. மரியோ கார்ட், செல்டா போன்ற அவர்களுடைய பெரிய கேம்கள் பிசிக்கும் வராது, பிளேஸ்டேஷனுக்கும் வராது. காத்திருந்து பலனில்லை, விலை குறையும் என்று உட்கார்ந்திருப்பதிலும் பலனில்லை. 2017ல் வந்த பிரெத் ஆஃப் த வைல்ட் இத்தனை வருடம் கழித்தும் கிட்டத்தட்ட முழு விலையில்தான் விற்கிறது. அந்த கேம்கள் உங்கள் பட்டியலில் இருந்தால் ஸ்விட்ச் வாங்கியே ஆக வேண்டும், இல்லையென்றால் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சோனி வேறு மாதிரி. அவர்களுடைய பெரிய சிங்கிள் பிளேயர் கேம்கள் முதலில் பிளேஸ்டேஷனுக்கு வரும், அப்புறம் நிதானமாக பிசிக்கு. 2017ல் வந்த ஹொரைசன் ஜீரோ டான் பிசிக்கு வந்தது 2020 ஆகஸ்டில். 2018ன் காட் ஆஃப் வார் 2022 ஜனவரியில். 2020ன் கோஸ்ட் ஆஃப் சுஷிமா 2024 மே மாதத்தில். 2023 அக்டோபரில் வந்த ஸ்பைடர்மேன் 2 மட்டும் கொஞ்சம் சீக்கிரம், 2025 ஜனவரியில். ஆக ஒன்றேகால் வருடம் முதல் நான்கு வருடம் வரை. அதுவும் கட்டாயம் கிடையாது: 2015ல் வந்த பிளட்போர்ன் இன்னும் பிஎஸ்4ல் நொடிக்கு 30 ஃப்ரேமிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது, பிசிக்கு வா வா என்று ரசிகர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துவிட்டார்கள். ஆனால் ஆன்லைனில் கூட்டமாக ஆடும் கேம் என்றால் சோனியின் கணக்கே மாறிவிடுகிறது. ஹெல்டைவர்ஸ் 2, 2024 பிப்ரவரியில் பிசிக்கும் அதே நாளில் வந்தது, 2025 ஆகஸ்டில் எக்ஸ்பாக்ஸுக்கே வந்துவிட்டது. கூட்டம் இருந்தால்தான் அந்த மாதிரி கேம் உயிரோடு இருக்கும், அதனால் அங்கே பூட்டு போடுவது அவர்களுக்கே நஷ்டம். இதை ஒரு விதியாக வைத்துக்கொள்ளலாம்: கதை கேம் என்றால் காத்திருக்க வேண்டி வரும், கூட்டத்தோடு ஆடும் கேம் என்றால் சீக்கிரமே எல்லா இடத்துக்கும் வரப் பார்க்கும்.

மைக்ரோசாஃப்ட் விஷயத்தில் "எக்ஸ்பாக்ஸில் மட்டும்" என்பதை இனி ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024 பிப்ரவரியில் ஹை-ஃபை ரஷ், பென்டிமென்ட், சீ ஆஃப் தீவ்ஸ், கிரவுண்டட் என்று நான்கு கேம்களை மற்ற கன்சோல்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2025 ஏப்ரலில் இண்டியானா ஜோன்ஸும் ஃபோர்ஸா ஹொரைசன் 5ம் பிஎஸ்5க்கு வந்தன, ஆகஸ்டில் கியர்ஸ் ஆஃப் வார், அக்டோபரில் ஹேலோவின் முதல் பாகத்தையே புதிதாகச் செய்து பிஎஸ்5க்கும் கொண்டுவருவதாக அறிவித்தார்கள். 2001ல் முதல் எக்ஸ்பாக்ஸ் விற்றதே ஹேலோவால்தான். அதுவே போய்விட்டதென்றால் வேலி எங்கே மிச்சமிருக்கிறது? ஆடுபவர்களுக்கு இது நல்லதுதான், நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்த கேம்களுக்காகவே பெட்டி வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். இப்போது எக்ஸ்பாக்ஸ் வாங்க நியாயமான காரணம் இரண்டு: பழைய எக்ஸ்பாக்ஸ் 360, எக்ஸ்பாக்ஸ் ஒன் கேம்கள் உங்களிடம் நிறைய இருந்து அவற்றைத் தொடர்ந்து ஆட நினைப்பது, அல்லது மாதச் சந்தாவில் பல கேம்களை ஆடவிடும் கேம் பாஸ். அந்தக் கேம் பாஸும் பிசியில் கிடைக்கிறது. ஓரளவு நல்ல பிசி வீட்டில் இருந்தால் இரண்டாவது காரணமும் அடிபட்டுப் போகிறது.

ட்ரெய்லரின் கடைசி சில நொடிகள்

வெளிக் கம்பெனிகளின் கேம்களில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம். ட்ரெய்லர் முடிந்ததும் மூடிவிடாதீர்கள். லோகோ வரும் இடத்தில் நிறுத்தி அடியில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள். "கன்சோல் எக்ஸ்க்ளூசிவ்" என்று இருந்தால் பிசிக்கும் வருகிறது, இல்லை வரப்போகிறது என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். "குறிப்பிட்ட காலத்துக்கு மற்ற தளங்களில் கிடைக்காது" என்று இருந்தால் ஒப்பந்தத்துக்கு முடிவு தேதி இருக்கிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒப்பந்தம் முடியும் தேதியும் கேம் அடுத்த தளத்துக்கு வரும் தேதியும் ஒன்றல்ல. ஃபைனல் ஃபேண்டஸி 16, 2023 ஜூனில் பிஎஸ்5க்கு ஆறு மாத எக்ஸ்க்ளூசிவாக வந்தது. ஆறு மாதம் என்றதும் பலர் 2024 ஜனவரியில் பிசியில் ஆடலாம் என்று கணக்குப் போட்டார்கள். வந்தது 2024 செப்டம்பரில், எக்ஸ்பாக்ஸுக்கு 2025 ஜூனில். அந்த ஆறு மாதம் என்பது வேறு இடத்தில் விற்கக்கூடாது என்ற தடைக்கான காலம், அது முடிந்த பிறகுதான் கேமை அடுத்த தளத்துக்கு மாற்றும் போர்ட் வேலையே சூடு பிடிக்கும். அதனால் அட்டையில் போட்டிருக்கும் காலத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள், அப்படியும் தப்பினால் ஆச்சரியப்படாதீர்கள்.

எக்ஸ்க்ளூசிவ் என்றாலே கெட்டது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பயோனெட்டா 2 எடுக்க ஆளில்லாமல் நின்றபோது நிண்டெண்டோ பணம் போட்டதால்தான் 2014ல் அப்படி ஒரு கேம் வந்தது. அது நிண்டெண்டோவின் அன்றைய கன்சோலான வீ யூவில் மட்டும் வந்ததற்காக நிண்டெண்டோவைத் திட்டியவர்கள், அவர்கள் இல்லையென்றால் கேமே இல்லை என்பதை மறந்துவிட்டார்கள். ரைஸ் ஆஃப் த டூம் ரைடர் கதை அப்படி இல்லை. 2013ல் வந்த முந்தைய பாகம் பிளேஸ்டேஷனிலும் இருந்தது, அடுத்த பாகமும் எப்படியும் அங்கே வந்திருக்கும். 2014ல் எக்ஸ்பாக்ஸ் மேடையில் அதை எக்ஸ்க்ளூசிவ் என்று அறிவித்து, கேள்வி எழுந்த பிறகுதான் ஒப்பந்தத்துக்குக் கால வரம்பு உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். பிஎஸ்4 வைத்திருந்தவர்கள் 2015 நவம்பரில் கிடைக்க வேண்டியதை 2016 அக்டோபரில் ஆடினார்கள். ஒரு கேம் பிறப்பதற்குப் பணம் கொடுப்பது வேறு, பிறக்கப்போகிற கேமை அடுத்தவருக்குக் கிடைக்காமல் செய்யப் பணம் கொடுப்பது வேறு. முதல் வகையை முழு விலை கொடுத்தே வாங்குங்கள். இரண்டாவது வகை என்றால் காத்திருங்கள், வரும்போது பெரும்பாலும் பிழை திருத்தும் பேட்ச் எல்லாம் சேர்ந்து விலையும் குறைந்து வரும்.

பெட்டி விலைக்கு மேல் ஆகும் செலவு

பெட்டியின் விலையோடு கணக்கை நிறுத்தாதீர்கள். பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் ஸ்விட்ச்சிலும் காசு கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் நண்பர்களோடு ஆட மாதச் சந்தா தனியாகக் கட்ட வேண்டும். ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேம்களுக்கு மட்டும் பெரும்பாலும் அது தேவையில்லை. பிசியில் இந்தச் சந்தாவே கிடையாது. ஐந்து வருட சந்தாவைக் கூட்டிப் பாருங்கள், மலிவாகத் தெரிந்த கன்சோல் அவ்வளவு மலிவாக இருக்காது.

கேம் பாஸை வருடக் கணக்கில் மொத்தமாகக் கட்டாதீர்கள். 2025 அக்டோபரில் அமெரிக்காவில் அதன் உயர் ரகத் திட்டமான அல்டிமேட்டின் மாதக் கட்டணம் 19.99 டாலரிலிருந்து ஒரே தாவலில் 29.99 டாலர் ஆனது. ஆட வேண்டிய இரண்டு மூன்று கேம் சேர்ந்த பிறகு ஒரு மாதம் கட்டி, ஆடி முடித்து, தானாகப் புதுப்பிப்பதை அணைத்துவிடுங்கள்.

சேமிப்பு இடத்தையும் பாருங்கள். எக்ஸ்பாக்ஸின் மலிவு மாடலான சீரீஸ் எஸ்ஸை 512 ஜிபி என்று விற்றார்கள், கையில் கிடைப்பது 364 ஜிபி. இன்றைய பெரிய கேம் ஒன்றே 100 ஜிபியைத் தொடும்போது மூன்று கேமில் நிறைந்துவிடும். அந்தப் பெட்டியின் நினைவகமும் குறைவு. சீரீஸ் எக்ஸில் 16 ஜிபி, இதில் 10. பால்டர்ஸ் கேட் 3 பிஎஸ்5க்கு 2023 செப்டம்பரில் வந்தும் எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பர்வரை இழுத்ததற்குக் காரணமே சீரீஸ் எஸ்ஸில் திரையைப் பிரித்து இரண்டு பேர் ஆடும் வசதியை ஓட்ட முடியாததுதான். கடைசியில் அந்த வசதி இல்லாமலே அதில் வெளியிட்டார்கள். விலை குறைவு என்பதற்காக மட்டும் அதை எடுக்காதீர்கள்.

இந்தியாவில் வாங்குபவர்களுக்கு இன்னொரு தலைவலி. நிண்டெண்டோ இங்கே அதிகாரபூர்வமாக விற்பதில்லை, பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ கிடைப்பது வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு, வாரண்டி என்பது கடைக்காரரின் வாய்வார்த்தைதான். 2024 நவம்பரில் பிஎஸ்5 ப்ரோ வந்தபோது அதுவும் இங்கே விற்பனைக்கு வரவில்லை, அதன் வைஃபை பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது அனுமதி இல்லை. இப்படி வெளியிலிருந்து வரும் பிஎஸ்5 டிஸ்க் எந்தக் கன்சோலிலும் ஓடும், ஆனால் அதற்கான டிஎல்சியை (தனியாக விற்கும் கூடுதல் பகுதியை) டிஸ்க் எந்த நாட்டுப் பகுதிக்கானதோ அந்தப் பகுதிக் கணக்கில்தான் வாங்க வேண்டும். இந்தியக் கணக்கில் வாங்கிய டிஎல்சி அமெரிக்க டிஸ்க்கோடு சேராமல் நிற்பது உண்டு. டிஸ்க் எந்தப் பகுதிக்கானது என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

டிஸ்க்கா, டவுன்லோடா?

முடிந்தவரை டிஸ்க் டிரைவ் உள்ள பெட்டி வாங்குங்கள். ஆடி முடித்ததை விற்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம், பழைய டிஸ்க் வாங்கலாம். டிஜிட்டல் மட்டும் உள்ள கன்சோலில் ஒரே கடை, அவர்கள் வைத்ததுதான் விலை.

ஆனால் டிஸ்க் என்றாலே முழு கேமும் அதில் இருக்கிறது என்று நம்பும் காலம் போய்விட்டது. 2025ல் வந்த டூம்: த டார்க் ஏஜஸின் டிஸ்க்கில் 100 எம்பி கூட இல்லை, மீதியெல்லாம் இணையத்திலிருந்து இறங்க வேண்டும். ஸ்விட்ச் 2வில் இதற்குத் தனி வகையே வைத்துவிட்டார்கள்: கேம்-கீ கார்ட். பெட்டியின் முன்பக்கம் அடியில் சாவிப் படத்தோடு ஒரு பட்டை இருக்கும். அதைப் பார்த்தால் உள்ளே இருக்கும் கார்டில் கேம் இல்லை, இறக்கிக்கொள்ளும் உரிமை மட்டும் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். விற்கலாம், கைமாற்றலாம், ஆனால் சர்வர் மூடிய பிறகு அது வெறும் பிளாஸ்டிக். இடம் போதாது என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில்: அதே ஸ்விட்ச் 2வில் சைபர்பங்க் 2077 முழுசாக 64 ஜிபி கார்டில் வந்திருக்கிறது. மனசு இருந்தால் முடிகிறது.

ப்ரீ-ஆர்டர் செய்யாதீர்கள்

டவுன்லோட் செய்யும் பொருளுக்குத் தட்டுப்பாடு வராது. கடையில் தீர்ந்துபோகாத ஒன்றை முன்பணம் கொடுத்துப் பிடித்துவைக்க ஒரு காரணமும் இல்லை. அவர்கள் கொடுக்கும் ஒரு தங்க நிறத் துப்பாக்கி ஸ்கின் (கேமுக்குள் மாட்டும் அலங்காரம்) நம் பணத்தை ரிவ்யூ வருவதற்கு முன்னாலேயே வாங்கிக்கொள்வதற்கான கூலி.

சைபர்பங்க் 2077ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பர் 10 வெளியீடு. முன்கூட்டியே ரிவ்யூ செய்தவர்களுக்குக் கொடுத்தது பிசி பதிப்பு மட்டும், சொந்தமாகப் பதிவு செய்த காட்சிகளைக் காட்டவும் அனுமதி இல்லை. பிஎஸ்4லும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் அது எப்படி ஓடுகிறது என்பது காசு கொடுத்தவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது, திரும்ப வந்தது 2021 ஜூனில். 2023 செப்டம்பரில் 2.0 பேட்ச் வந்த பிறகுதான், அதுவும் பிசியிலும் புதிய கன்சோல்களிலும் மட்டும், முதல் நாளில் விற்ற பொருளுக்கு உண்மையான தரம் வந்தது. பொறுத்திருந்தவர்கள் பாதி விலையில் நல்ல கேம் ஆடினார்கள்.

ஆகவே வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது: உங்களிடம் இருக்கும் அதே கன்சோலில் எடுத்த ரிவ்யூ இருக்கிறதா என்று. பிசி ரிவ்யூவைப் பார்த்து கன்சோல் பதிப்பை வாங்கக்கூடாது, பிஎஸ்5 ரிவ்யூவைப் பார்த்து பிசி பதிப்பையும் வாங்கக்கூடாது. த லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகம் பிசிக்கு 2023 மார்ச்சில் வந்தபோது பிழைகளோடு திணறியது அதைக் காட்டியது. டிஜிட்டல் ஃபவுண்டரி போன்றவர்கள் ஒவ்வொரு பெட்டியிலும் ஃப்ரேம் கணக்கு எடுத்துக் காட்டுகிறார்கள், பத்து நிமிடம் பார்த்தால் போதும். வெளியீட்டு நாள் காலைவரை ஒரு கன்சோல் ரிவ்யூவும் வெளிவரவில்லை என்றால் அதுவே பதில்.

பணத்தைத் திரும்ப வாங்கும் விதியையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பிசி கேம் கடையான ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காரணம் கேட்காமல் திருப்பித் தருவார்கள். பிளேஸ்டேஷன் கடையில் டவுன்லோட் பொத்தானை அழுத்தியதுமே அந்த உரிமை பெரும்பாலும் போய்விடும், கேம் பழுதாக இருந்தால்தான் பேச்சுக்கு இடம். நிண்டெண்டோவிடம் எதிர்பார்க்காதீர்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே சந்தேகமான கேம்களை நான் பிசியில் வாங்கச் சொல்வேன்.

யார், எப்படிச் செய்தார்கள்

கேம் தள்ளிப்போகிறது என்ற செய்தி வந்தால் கோபப்படாதீர்கள், அது பெரும்பாலும் நல்ல செய்தி. சைபர்பங்க் விஷயத்தில் கட்டாய கூடுதல் வேலை வாங்க மாட்டோம் என்று 2019ல் சொன்ன அதே நிர்வாகம் 2020 செப்டம்பரில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்று அறிவித்தது. ஆட்களைக் கசக்கிப் பிழிந்தும் கேம் உடைந்துதான் வந்தது. பால்டர்ஸ் கேட் 3, 2020 அக்டோபரிலேயே முடியாத நிலையில், முடியவில்லை என்று சொல்லியே விற்பனைக்கு வந்தது, கிட்டத்தட்ட மூன்று வருடம் ஆடியவர்களின் கருத்தைக் கேட்டுக் கேட்டுச் செதுக்கி 2023 ஆகஸ்டில் முழுசாக வந்தது. இரண்டுமே முடியாத நிலையில் நம்மிடம் விற்றவைதான். ஒருவர் அதைச் சொல்லி விற்றார், மற்றவர் மறைத்து விற்றார்.

முழு விலை கொடுக்க மனசு வந்தால் அதை எங்கே கொடுப்பது என்றும் யோசியுங்கள். 70 டாலர் வழக்கமாகி, மரியோ கார்ட் வேர்ல்ட் 80 டாலருக்குப் போன 2025லேயே, பிரான்ஸின் மோன்பெலியே நகரத்தில் ஒரு சிறிய குழு எடுத்த எக்ஸ்பெடிஷன் 33 என்ற கேம் 50 டாலருக்கு வந்தது, ஹாலோ நைட் சில்க்சாங் 20 டாலருக்கு வந்தது. இப்படிப்பட்ட ஸ்டுடியோக்களின் கேமை முதல் நாளே முழு விலையில் வாங்குங்கள், அந்தப் பணம் அடுத்த கேமுக்குப் போகிறது. பெரிய கம்பெனியின் கீழ் இருக்கும் ஸ்டுடியோவுக்கு அந்த உத்தரவாதம்கூடக் கிடையாது. ஹை-ஃபை ரஷ் எடுத்த டாங்கோ கேம்வொர்க்ஸ், எல்லோரும் பாராட்டிய கேம் கொடுத்தும், 2024 மே மாதம் மூடப்படுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதே மைக்ரோசாஃப்ட் பிளிஸார்ட், ஆக்டிவிஷன் என்ற பெரிய கேம் கம்பெனிகளை 68.7 பில்லியன் டாலருக்கு வாங்கி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆகஸ்டில் கொரியாவின் க்ராஃப்டன் கைகொடுத்து அந்த ஸ்டுடியோவைக் காப்பாற்றியது. இதைப் படித்தபோது வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சர்வர் நின்றால் என்ன ஆகும்?

எந்த கேம் வாங்கினாலும் கேட்க வேண்டிய கடைசிக் கேள்வி: இணையம் இல்லாமல் இது ஓடுமா? தனியாக ஆடும் கேமுக்கே எப்போதும் இணைப்பு வேண்டும் என்றால் நீங்கள் வாங்குவது வாடகைச் சீட்டு. 2014ல் வந்த த க்ரூ என்ற கார் பந்தய கேமைத் தனியாகவும் ஓட்டலாம், ஆனாலும் 2024 மார்ச் 31ல் யூபிசாஃப்ட் சர்வரை நிறுத்தியதும் டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் சேர்த்தே அது செத்துப்போனது. அந்தக் கோபத்தில் பிறந்த ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்த்தது. சோனியின் ஆன்லைன் கேம் கான்கார்ட் இன்னும் மோசம், 2024 ஆகஸ்ட் 23ல் வந்து செப்டம்பர் 6ல் நின்றுவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது மட்டும் ஆறுதல். ஆன்லைன் மட்டுமே உள்ள கேம் என்றால் குறைந்தது ஆறு மாதம் ஓடட்டும், கூட்டம் நிற்கிறதா என்று பார்த்து அப்புறம் வாங்குங்கள்.

வீட்டில் பழைய கன்சோல் தூசி படிந்து கிடந்தால் இந்த வார இறுதியிலேயே அதை எடுத்துச் செருகுங்கள். நிண்டெண்டோவின் வீ யூ, 3டிஎஸ் கன்சோல்களுக்கான இணையக் கடைகள் 2023 மார்ச் 27ல் மூடின, எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலை 29ல் மூடியது. புதிதாக வாங்க முடியாது, ஆனால் ஏற்கெனவே வாங்கியதைத் திரும்ப இறக்கிக்கொள்ள இன்னும் விடுகிறார்கள், எத்தனை நாளைக்கு என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கணக்கின் பாஸ்வேர்ட் நினைவிருக்கிறதா, அதில் கொடுத்த மின்னஞ்சல் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் வாங்கியதெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கி, ஒருமுறை திறந்து ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அணையுங்கள்.